ஜூன் எம்.காமுக்கு, டிசம்பர் சிஎம்ஏவுக்கு

வாசகர் எழுதியது, சுருக்கமாக: வயது 27. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். காலை 9 மணிக்குப் போனால் இரவு 7.30. சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா முடிய 9 ஆகிவிடும், ஞாயிறு மட்டும் லீவு. இக்னோவில் எம்.காம் முதல் வருஷம். சிஎம்ஏ (காஸ்ட் அண்ட் மேனேஜ்மென்ட் அக்கவுண்டன்ட் படிப்பு) இன்டர், அதாவது ஃபைனலுக்கு முந்தைய கட்டம், அதில் முதல் குரூப்பை ஜூனில் எழுதினேன்: சட்டம் 41, ஃபைனான்சியல் அக்கவுண்டிங் 52, வரி 46, காஸ்ட் அக்கவுண்டிங் 44. நாலிலும் 40 தாண்டியும் ஃபெயில். டிசம்பரில் இரண்டு குரூப்பும் சேர்த்து எழுதி, எம்.காம் பரீட்சையையும் முடித்துவிட்டால் ஒரு வருஷம் மிச்சம் என்று பார்க்கிறேன். காலை நாலரைக்கு எழுந்து படிக்கிறேன், ஒன்றும் ஏறுவதில்லை. என்னிடம் என்ன தவறு? வேலையை விட்டுவிடலாமா? கூட வேலை பார்க்கும் பையன் சிஏ போகச் சொல்கிறான். வீட்டில் மாமியார், வீட்டுக்காரர். உதவ மாட்டார்கள் என்றில்லை, கேட்கத்தான் கூச்சம்.

வணக்கம் அம்மணி.

முதலில் டிசம்பரில் இரண்டு குரூப்பும் எம்.காமும் சேர்த்து எழுதும் யோசனையைக் கைவிடுங்கள். தைரியம் இல்லாமல் சொல்லவில்லை, தேதிகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஒரு பேப்பரை எடுத்து டிசம்பர் மாதத்தை எழுதிப் பாருங்கள். 7ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்தம் செய்த வரி) கட்ட வேண்டும், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்), 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, அதே நாளில் அட்வான்ஸ் டாக்ஸ் மூன்றாவது தவணை, 20ஆம் தேதி ஜிஎஸ்டி கட்டும் 3பி ரிட்டர்ன். மாசக் கடைசிக்குள் ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்ன் வேறு. இப்போது அதன் மேலேயே சிஎம்ஏ பரீட்சையைப் போடுங்கள். அது வழக்கமாக இரண்டாவது வாரத்தில் ஆரம்பித்து, ஒரு குரூப்புக்கு ஒன்று விட்டு ஒரு நாளாக ஓடும். இரண்டு குரூப்பும் என்றால் தினமும் பரீட்சை. இக்னோவின் டேர்ம் எண்ட் பரீட்சையும் டிசம்பரில்தான் தொடங்குகிறது. ஜூன் மாதமும் ஏறக்குறைய இதே கதை. 15ஆம் தேதி அட்வான்ஸ் டாக்ஸ் முதல் தவணை, அதற்குக் கொஞ்சம் முன்னால் மே 31க்குள் கடைசிக் காலாண்டின் டிடிஎஸ் ரிட்டர்ன், ஏப்ரல், மே முழுக்க வருஷக் கணக்கு முடிக்கிற வேலை.

ஜூனில் நீங்கள் எழுதியது இந்த நெரிசலுக்கு நடுவில். ஏப்ரல், மே மாதங்களில் ஏற்றுமதி கம்பெனி அக்கவுண்ட்ஸில் உட்கார்ந்திருப்பவர் ராத்திரி வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தால் என்ன ஏறும்? உங்களிடம் என்ன தவறு என்று கேட்டிருந்தீர்கள். வருஷத்திலேயே மோசமான இரண்டு மாதத்தைப் படிப்புக்கு எடுத்துக்கொண்டதைத் தவிர வேறு தவறு எனக்குத் தெரியவில்லை, அதுவும் பரீட்சை நடத்துகிறவர்கள் வைத்த தேதி.

அதனால் நான் சொல்வது இதுதான்: ஒரு பரீட்சை சீசனுக்கு ஒரே படிப்பு. டிசம்பரை சிஎம்ஏவுக்குக் கொடுங்கள், ஜூனை எம்.காமுக்கு. கணக்கு வேலை பார்க்கிறவர்களுக்கு ஜூனை விட டிசம்பர் நல்லது. செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் தேதி கடந்துவிட்டால் அக்டோபரிலும் நவம்பரிலும் கொஞ்சம் மூச்சு விடலாம் (தேதி நீட்டிப்பு வந்துவிட்டால் ஆடிட்டர் ஆபீஸ் உங்களையும் சேர்த்து இழுக்கும், அது வேறு விஷயம்). அப்புறம் தீபாவளி. திருப்பூரில் போனஸ் கொடுத்து முடித்ததும் ஊரே காலியாகும், கம்பெனிகள் ஒரு வாரமாவது மூடியிருக்கும். போனஸ் கணக்குப் போடும் வாரம் உங்களுக்குப் படிப்பு நடக்காது, அதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கடுத்த வாரம் வருஷத்திலேயே உங்களுக்குக் கிடைக்கும் ஒரே நீண்ட விடுமுறை. பண்டிகை அன்றும் மறுநாளும் போக மீதி நாட்கள் புத்தகத்தோடு இருக்கட்டும். சொந்தக்காரர் வீட்டு விருந்தையெல்லாம் பொங்கலுக்குத் தள்ளி வையுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தாலும் பொங்கலில் சரியாகிவிடும்.

இனி மார்க்குக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை கொடுத்ததே அந்த நாலு எண்கள்தான். கூட்டினால் 183. ஒவ்வொரு தாளிலும் 40 இருந்தால் போதாது, குரூப்பில் மொத்தம் 50 சதவீதம், அதாவது 400க்கு 200 வேண்டும். 17 மார்க்கில் விட்டிருக்கிறீர்கள். நாலு தாளையும் சமமாகப் பிரித்துப் படித்ததன் விளைவு இது. எதிலும் கீழே விழவில்லை, எதுவும் மேலே போகவும் இல்லை. ஒரு தாளிலாவது 60 வாங்கியிருந்தால் மற்றதில் தவறினாலும் அந்தத் தாளுக்கு விலக்கு கிடைத்திருக்கும், அடுத்த முறை மூன்று தாள்தான். வேலையும் பார்த்துக்கொண்டு எழுதுகிறவர் ஒவ்வொரு குரூப்பிலும் ஒரு தாளை "இது எனக்கு 60க்கு மேல்" என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு அது காஸ்ட் அக்கவுண்டிங். அதை மட்டும் 44லிருந்து 62க்கு ஏற்றுங்கள், மற்ற மூன்றும் இப்போது வாங்கியதே வந்தாலும் 201. பாஸ்.

பனியன் கம்பெனியில் இருந்துகொண்டு காஸ்ட் தாளில் 44 வாங்குவது, சொன்னால் கோபப்படாதீர்கள், கொஞ்சம் அநியாயம். நீங்கள் தினமும் பார்ப்பதே அந்தப் பாடம்தான். நூல் வாங்கி, நிட்டிங் போய், சாயப்பட்டறை போய், காம்பாக்டிங் முடிந்து கட்டிங்குக்கு வருகிறதே, அது அப்படியே ப்ராசஸ் காஸ்டிங், கட்டம் கட்டமாக அடக்கம் போடுவது. நூறு கிலோ துணி சாயத்துக்குப் போய் தொண்ணூற்றைந்து கிலோ திரும்பினால் டிசியில் (டெலிவரி சலானில்) எடையைக் குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறீர்கள். வழக்கமாகவே ஐந்து கிலோ குறையும் என்றால் அது நார்மல் லாஸ், அதன் செலவை மீதித் தொண்ணூற்றைந்து கிலோ சுமக்க வேண்டும். இந்த முறை பன்னிரண்டு கிலோ குறைந்தது என்றால் அதிகப்படியான ஏழு கிலோ அப்நார்மல் லாஸ், அது துணியின் விலையில் ஏறாது, நேராகக் காஸ்டிங் லாப நட்டக் கணக்குக்குப் போகும். ஷிப்ட் கூலிக்கும் பீஸ் ரேட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சனிக்கிழமை தோறும் கையில் எண்ணிக் கொடுக்கிறீர்கள், ஹால்சே, ரோவன் என்று புத்தகத்தில் வருவதும் போனஸ் சேர்த்துப் போடும் கூலிக் கணக்குதான். ஜெனரேட்டர் டீசலை எந்தப் பிரிவின் தலையில் போடுவது என்று ஃபேக்டரி மேனேஜரோடு வாதாடியிருப்பீர்கள், அதுதான் ஓவர்ஹெட் பகிர்வு. உங்கள் கம்பெனியில் ஓடும் ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக்கொண்டு, ஒரு டி-ஷர்ட்டுக்கு நூலிலிருந்து அட்டைப்பெட்டி வரை என்ன அடக்கம் என்று ஒரு நோட்டில் போட்டுப் பாருங்கள். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் போட்ட காஸ்டிங் ஷீட்டோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடும்போது பாடத்தில் பாதி தானாக விளங்கிவிடும்.

அப்புறம் ஏன் 44? என் ஊகம், கை. டேலியிலும் எக்செல்லிலும் வேலை செய்து பழகியவர்கள் பேனா பிடித்து மூன்று மணி நேரம் கோடு போட்டு, ஒர்க்கிங் நோட் எழுதி, கூட்டல் சரிபார்த்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும். என்னிடம் வருகிறவர்களில் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். விடை தெரியும், எழுதி முடிக்கவில்லை. இப்போதைய இன்டர் தாளில் 2 மார்க் கொள்குறி கேள்விகள் 15, அதற்கப்புறம் 14 மார்க் கேள்விகளில் ஐந்து. கடைசி 14 மார்க்கைத் தொடாமல் வந்திருந்தால் 60 எப்படி வரும்? கடைசிக் கேள்வியை முடித்தீர்களா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் முடித்திருக்க மாட்டீர்கள் என்று பந்தயமே கட்டலாம்.

இதற்கு மருந்து ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு முழுத் தாளைக் கடிகாரம் வைத்துப் பேனாவில் எழுதுவது. செப்டம்பரிலிருந்து ஆரம்பியுங்கள். சிஎம்ஏ நடத்தும் இன்ஸ்டிட்யூட்டின் தளத்தில் பழைய கேள்வித்தாள்களுக்கான விடைகளும் மாதிரித் தாள்களும் இலவசமாகவே இருக்கின்றன. முதல் இரண்டு மூன்று வாரம் மார்க் கேவலமாக வரும், விடுங்கள்.

நாலரை மணி விஷயம். நீங்கள் எவ்வளவு மணி நேரம் படிக்கிறீர்கள் என்பதை விட, அந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்றுதான் கேட்பேன். ரெக்கார்டட் கிளாஸ் பார்க்கிறீர்களா? ஒரு குரூப்புக்கான வீடியோக்கள் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடும். உங்களுக்கு இருக்கும் நேரத்தைக் கணக்குப் போடுவோம்: திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் ஒன்றரை மணி நேரம், ஞாயிறு ஐந்து மணி நேரம், வாரத்துக்குப் பன்னிரண்டரை. ஆகஸ்ட் பாதியிலிருந்து டிசம்பர் ஆரம்பம் வரை பதினாறு வாரம், 200 மணி நேரம். இதில் ஒவ்வொரு மாதமும் ஜிஎஸ்டி தேதிகளை ஒட்டிச் சில காலைகள் போய்விடும், தீபாவளி வாரம் அதைத் திருப்பிக் கொடுக்கும். ஆக 200தான் கையிருப்பு. ஏற்கெனவே ஒருமுறை படித்து 183 வாங்கிய குரூப்பை மறுபடி எழுத இது தாராளம். புதிதாக இரண்டாவது குரூப்பின் நாலு தாளையும் சேர்த்தால் இரண்டுமே போகும். பார்த்த வீடியோவையே திரும்பப் பார்த்தாலும் போகும். பார்ப்பது சுகமாக இருக்கும், புரிந்த மாதிரியும் இருக்கும், கை மட்டும் பழகியிருக்காது. இனிமேல் ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டால் மட்டும் அந்தப் பத்து நிமிஷத்தைத் தேடிப் பாருங்கள்.

சனிக்கிழமையை உங்கள் அட்டவணையிலிருந்து அடித்துவிடுங்கள். வார நாளில் வேலை, வாரக் கடைசியில் படிப்பு என்று சொல்பவர்களுக்குத் திருப்பூர் சனிக்கிழமை தெரியாது. 9 மணிக்கு வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுத் தூங்குங்கள், ஞாயிறு காலை முழுத் தாள் எழுதப் போகிறவருக்கு அதுதான் தயாரிப்பு.

வரித் தாளுக்கு ஒரு எச்சரிக்கை. யாரிடமாவது பழைய நோட்ஸ் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறிவிட்டன, 12, 28 சதவீத அடுக்குகள் போய் 5, 18 என்று வந்துவிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் 1961 சட்டத்தின் இடத்தில் புதிய வருமான வரிச் சட்டம், பிரிவு எண்களே வேறு. எந்தப் பரீட்சைக்கு எந்தச் சட்டம் என்று இன்ஸ்டிட்யூட் அறிவிப்பு வரும், அதைப் பார்த்துவிட்டு அதற்கான புத்தகத்தை மட்டும் தொடுங்கள். ஆபீஸில் புதுப் பிரிவு எண், பரீட்சையில் பழையது, அல்லது நேர்மாறாக, என்று குழப்பம் வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. சட்டத் தாள் 41 வாங்கியது தமிழ் மீடியத்தில் படித்ததாலோ என்னவோ, நீங்கள் சொல்லவில்லை. அப்படி இருந்தால் நீளமான ஆங்கில வாக்கியங்களுக்கு ஆசைப்பட வேண்டாம். சட்டம் என்ன சொல்கிறது, கேள்வியில் என்ன நடந்திருக்கிறது, ஆகவே முடிவு என்ன, மூன்று பத்தி, சின்னச் சின்ன வாக்கியம். திருத்துகிறவர் அதைத்தான் தேடுகிறார்.

எம்.காம் பற்றி. எதற்காகச் சேர்ந்தீர்கள் என்று எழுதவே இல்லை, "கூடவே இருக்கட்டும்" என்று சேர்ந்தீர்களோ என்று சந்தேகம். பலர் அப்படித்தான் சேர்கிறார்கள், தப்பில்லை. கல்லூரியில் பாடம் எடுக்கும் ஆசை இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 2021ல் யுஜிசி, சிஏ, சிஎஸ், சிஎம்ஏ மூன்றையும் முதுகலைப் பட்டத்துக்குச் சமமாக ஏற்றுக்கொண்டது, சிஎம்ஏ முடித்தவர் அதை வைத்தே நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதலாம். ஆனால் அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் வேலை என்றால் எம்.காமும் பி.எட்டும் வேண்டும், தனியார் கல்லூரிகளிலும் எம்.காம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆகவே கட்டிய பணத்தை விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை, மெதுவாக்கச் சொல்கிறேன். இக்னோ எம்.காம் குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 4 வருஷம். அந்த 4 வருஷம் உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இருக்கிறது. இந்த டிசம்பரில் எம்.காம் பரீட்சைக்கு விண்ணப்பமே போடாதீர்கள். அசைன்மென்ட்டுக்கு 30 சதவீத மார்க் இருக்கிறது, அதை ஜனவரி, பிப்ரவரியில், பொங்கல் முடிந்த கையோடு எழுதி வையுங்கள். கடையில் விற்கிற ரெடிமேட் விடையைப் பார்த்து எழுதுவதானால் அதற்குச் செலவாகும் நேரமும் வீண், ஜூனில் திரும்ப முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். ஜூனில் எத்தனை தாள் முடியுமோ அத்தனை. மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங், ஃபைனான்சியல் மேனேஜ்மென்ட் பக்கம் எம்.காமில் படிப்பது, அடுத்த வருஷம் சிஎம்ஏ இரண்டாவது குரூப்புக்கு அப்படியே உதவும். அந்தப் பாடங்களை முதலில் எடுங்கள்.

ஒரு வருஷம் மிச்சம் பிடிக்கிற கணக்கு இதில் போய்விடுகிறதே என்பீர்கள். போகட்டும். இன்டர் முடிய இரண்டு டிசம்பர், அப்புறம் ஃபைனல் இரண்டு குரூப். எம்.காம் முடிந்ததும் ஜூனும் காலியாகிவிடும், வேகம் தானாகக் கூடும். மூன்றையும் ஒன்றாகப் போட்டு மூன்றிலும் 183 வாங்கிக்கொண்டிருந்தால் அதே நாலு வருஷம்தான் ஆகும், கையில் ஒன்றும் இருக்காது.

வேலையை விடாதீர்கள். சம்பளத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சிஎம்ஏவுக்கு நடைமுறைப் பயிற்சி காட்ட வேண்டும், கணக்குப் பிரிவில் வேலை பார்த்த அனுபவத்தை அதற்குக் காட்ட வழியிருக்கிறது. கம்பெனியின் சான்று தேவைப்படும், ஆகவே உங்கள் வேலை விவரம் எழுத்தில் இருக்கும்படி இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில்தான் சிஏ உங்களுக்கு ஒத்துவராது. அந்தப் பையன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பி.காமில் 55 சதவீதம் இருந்தால் நேராக சிஏ இன்டரில் சேரலாம் என்பது உண்மைதான். ஆனால் இன்டர் முடித்ததும் 2 வருஷம் ஆர்ட்டிகிள்ஷிப், முழு நேரம், ஒரு ஆடிட்டரிடம், ஸ்டைபண்டுக்கு. இந்த வேலையை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. 21 வயதில் வீட்டுச் செலவு இல்லாமல் இருந்தால் யோசிக்கலாம். நம் பக்கத்தில் இன்னும் ஐசிடபிள்யூஏ என்றே சொல்லும் இந்தப் படிப்பு, வேலையில் இருந்தபடி முடிப்பவர்களுக்கு நல்ல பொருத்தம். துணி, நூல், சாயம் என்று உற்பத்தி நடக்கிற ஊரில் இருந்துகொண்டு இதை விட்டுப் போக வேண்டியதில்லை.

லீவு கேட்பதற்கு முதலாளியிடம் டிசம்பர் முதல் வாரம் போய் நிற்காதீர்கள். போனஸ் பரபரப்பு தொடங்கும் முன், அக்டோபரில் ஒரு நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்கள். "நாலு நாள் பரீட்சை, தேதி இது. ஜிஎஸ்டிஆர்-1 டேட்டாவை 8ஆம் தேதியே முடித்து ஆடிட்டருக்கு அனுப்பிவிடுவேன், அட்வான்ஸ் டாக்ஸ் எஸ்டிமேட் அதற்கு முன்பே உங்கள் மேஜையில் இருக்கும், 15ஆம் தேதி பணம் கட்டுவது மட்டும்தான் பாக்கி, அதை ஜூனியர் செய்துவிடுவான்" என்று தேதியோடு சொன்னால் மறுப்பது கஷ்டம். லீவு என்று மட்டும் கேட்டால் மறுப்பது சுலபம். ஜூனியருக்கு நவம்பர் மாத 11ஆம் தேதி வேலையை முழுக்க அவனையே செய்ய விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், டிசம்பரில் பரீட்சை ஹாலுக்கு வெளியே ஃபோன் வராமல் இருக்கும்.

வீட்டில் கேட்கக் கூச்சம் என்றீர்கள். பொதுவாக "உதவி பண்ணுங்க" என்றால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. மாமியாரிடம் செப்டம்பர் முதல் டிசம்பர் பாதி வரை காலை டிபன் மட்டும் அவர் பொறுப்பு என்று கேளுங்கள், வீட்டுக்காரரிடம் ஞாயிறு மதியம் வரை வீடு, கடை, சமையல் எல்லாம் அவர் தலையில் என்று கேளுங்கள். முடியும் தேதியையும் சேர்த்துச் சொன்னால் தயங்காமல் சம்மதிப்பார்கள். அவரும் ஒரு நாள் கறிக்குழம்பு வைத்துப் பார்க்கட்டுமே.

பரீட்சை விண்ணப்பத்துக்கான கடைசித் தேதியை இன்ஸ்டிட்யூட் தளத்தில் பார்த்து இன்றைக்கே ஃபோனில் அலாரம் வையுங்கள். டாக்ஸ் ஆடிட் மும்முரத்தில் அதைக் கோட்டைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபாரத்தில் ஒரு குரூப்தான் டிக் செய்ய வேண்டும்.